துன்பத்தின் நடுவே நம்பிக்கை: இரட்சணிய யாத்திரிகமும் தோட்டத்துக் கிறித்தவ வாசிப்பும்

முன்னுரை

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், கோலசிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில் அமைந்திருப்பது பாசிர் பெனம்பாங். மலாய் மொழியில் 'பெனம்பாங்' என்னும் சொல் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகையும் அதனைச் செலுத்துவோனையும் குறிக்கும். இன்று ஆற்றைக் கடக்கப் பாலம் உண்டு. ஊரின் பெயரில் மட்டும் படகு தங்கியிருக்கிறது. இவ்வூருக்கு அப்பாலும் இப்பாலும் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தை முதலிய இடங்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தோட்டங்களில் வாழ்ந்த தமிழருள் கிறித்தவர் சிறுபான்மையினர். 2010ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் இந்துக்கள் 86.2 விழுக்காட்டினர், கிறித்தவர் 6 விழுக்காட்டினர். நாட்டளவில் சிறுபான்மையான ஓர் இனத்துள் மேலும் ஒரு சிறுபான்மையாக வாழ நேர்ந்த இவர்கள், தம் துன்பத்தை எவ்வாறு பொருள்கொண்டனர், தம்மை யாரென்று அறிந்துகொண்டனர் என்னும் வினாக்களுக்கு விடைகாண, அவர்கள் கேட்டும் பாடியும் வந்த மறைநூலையும் அதனை அடியொற்றி எழுந்த தமிழ் இலக்கியத்தையும் நாம் நாட வேண்டியுள்ளது.

எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூல்வடிவம் பெற்றது. கம்பனை அடியொற்றிய அதன் யாப்பும் உவமையும் வருணனையும் ஆய்வாளர்களால் பலபடப் பாராட்டப்பெற்றுள்ளன. ஆசிரியருக்குக் 'கிறித்தவக் கம்பர்' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. எனினும் துன்பத்தில் கிடப்பவனுக்கு இக்காப்பியம் எதைத் தருகிறது என்னும் வினா அத்துணை எழுப்பப்படவில்லை. அவ்வினாவை வடசிலாங்கூர்த் தோட்டங்களின் நிலையிலிருந்து எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் நூலும்

கிருட்டிணபிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், வைணவ வேளாளக் குடும்பத்தில் தோன்றியவர். இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் கிறித்தவ சமயப் பணியாளர் நடத்திய கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகப் பணியேற்ற பின்னர் அச்சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். உற்றார் வாழும் ஊரைவிட்டு நெடுந்தொலைவில் அச்சடங்கு நிகழ்ந்தது கருதத்தக்கது. அந்நாளில் சமயம் மாறுதல் என்பது வீட்டையும் உறவையும் ஊர் மதிப்பையும் பணயம் வைப்பதாகும். ஆகவே நாசத்திற்கு உரிய நகரைவிட்டு, மனைவி மக்கள் அழைக்கவும் செவியை மூடிக்கொண்டு ஓடும் ஒருவனின் கதை அவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. அவர் தம் வாழ்வின் வடிவத்தை அதில் கண்டார் எனலாம்.

அக்கதையை எழுதிய ஜான் பனியனும் துன்பம் அறிந்தவரே. அரசின் ஒப்புதலின்றிச் சமயவுரை ஆற்றிய குற்றத்திற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர் அவர். அவருடைய 'மோட்சப் பயணம்' நூலின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழில்செய்த ஒருவரின் எளிய உரைநடை, திருநெல்வேலியில் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியமாக உருமாறியது. இவ்வுருமாற்றத்தால் விளைந்த பேறும் இழப்பும் நம் ஆய்வுக்கு உரியவை.

மறைநூல் முதலில் தருவது

மூலக்கதையின் தொடக்கத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கந்தலுடுத்த ஒருவன் கையில் நூலொன்றை ஏந்தி நிற்கிறான். அவன் முதுகில் பெருஞ்சுமை. நூலைத் திறந்து படிக்கிறான்; படித்ததும் அழுகிறான். மறைநூல் ஆறுதல் தரும் நூல் என்பது பொதுவழக்கு. இக்கதையிலோ அந்நூல் முதற்கண் தருவது கண்ணீர். அதுவரை பழகிப்போயிருந்த சுமையைச் சுமை என்று உணரச் செய்வதே அது புரியும் முதற்பணி. சுமை உண்டென்று அறியாதவனுக்கு அதை இறக்கிவைக்கும் இடத்தைத் தேடும் எண்ணம் எழுவதில்லை.

இக்கருத்து தோட்டத்து வாழ்வுக்குப் பெரிதும் பொருந்துவதாகும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, வேலைக்காட்டிற்குப் போய்ப் பால்மரம் சீவி, லயத்திற்குத் திரும்பும் நாள்கள் ஒன்றுபோல் கழிகையில் துன்பம் விதியாகவும் பழக்கமாகவும் படிந்துவிடுகிறது. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் கங்காணிமுறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்த பின்னரே ஆள்சேர்ப்பு நின்றது. இந்நீண்ட காலத்தில் தோட்டத்துக் கிறித்தவர் கேட்ட மறைநூலில் எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கதை இருந்தது. அவர்கள் இட்ட ஓலத்தைக் கடவுள் கேட்டார் என்னும் செய்தியும் அதில் இருந்தது. கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் கேளாத ஓலம் எங்கோ கேட்கப்படுகிறது என்னும் எண்ணமே, பழகிப்போன துன்பத்தைப் பழகத்தகாத துன்பமாக மாற்றவல்லது. ஆதலின் மறைநூல் துயரை ஆற்றுமுன் துயருக்குப் பெயரிடுகிறது என்று கூறுவது பொருந்தும்.

கம்பன் வழி: அடையாளச் சிக்கலுக்கு ஒரு விடை

கிறித்தவரான தமிழரை நோக்கி எழும் வினா ஒன்று உண்டு: நீ இன்னும் தமிழன்தானா? பொங்கலும் தீமிதியும் தேரும் தமிழ் அடையாளத்தின் வெளிப்படையான குறிகளாக விளங்கிய தோட்டச் சூழலில் இவ்வினா கூர்மை பெற்றிருக்கும். மறுபுறம், வெள்ளைத்துரையின் சமயத்தைச் சார்ந்தவன் என்னும் ஐயமும் அவனைத் தொடர்ந்தது. துரையின் கடவுளும் தொழிலாளியின் கடவுளும் ஒருவரே என்று சொல்லப்பட்ட பின்னரும், துரை பங்களாவிலும் தொழிலாளி லயத்திலும் வாழ்ந்தமை அவ்வையத்தைப் போக்கவில்லை.

இச்சிக்கலுக்குக் கிருட்டிணபிள்ளை அளிக்கும் விடை அவர் தம் நூலின் வடிவத்திலேயே அமைந்துள்ளது. விவிலியச் செய்தியைக் கம்பனின் விருத்தத்தில் பாடியதன் மூலமும், காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களை அமைத்ததன் மூலமும், தாம் கடந்துவந்த மரபைத் தாம் துறக்கவில்லை என்று அவர் காட்டினார். சமயம் மாறியவன் மொழியையும் பாட்டையும் பக்தியின் நெகிழ்ச்சியையும் உடன்கொண்டு செல்லலாம் என்பதற்கு இக்காப்பியம் சான்று. இவ்வழியை அவர் புதிதாகத் தொடங்கவில்லை. 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். தஞ்சை வேதநாயக சாத்திரியார் குறவஞ்சி வடிவத்தில் பெத்லகேமைப் பாடினார். எனினும் தம் சொந்த மனமாற்றத்தின் காயத்தோடு இதனைச் செய்தவர் என்னும் சிறப்புக் கிருட்டிணபிள்ளைக்கு உண்டு.

இவ்விடையின் எல்லையையும் நாம் சுட்டியாக வேண்டும். கம்பனின் விருத்தத்தைச் சுவைக்கக் கல்வி வேண்டும்; கல்விக்கு ஓய்வும் உரிமையும் வேண்டும். மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோருள் பலர் தமிழகத்தில் கல்வி மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். கம்பனும் தேவாரமும் அவர்களுக்கு இழக்கக்கூடிய உடைமையாக ஒருபோதும் தரப்படவில்லை. அவர்களின் மரபுச் செல்வம் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு ஆகியவை. ஆதலின் கிருட்டிணபிள்ளை கண்ட அடையாளம் உயர்மரபை உடையவர் அதனைப் பேணிக்கொண்ட அடையாளமாகும். தோட்டத்துக் கிறித்தவர் தேடியது அதனினும் அடிப்படையான ஒன்று. அவர்கள் மனிதராக எண்ணப்படும் அடையாளத்தைத் தேடினர். 1980களில் இந்தியாவில் உருப்பெற்ற தலித் இறையியல் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது. நாடற்று அலைந்த முன்னோரையும் எகிப்தில் பட்ட இழிவையும் மறவாது அறிக்கையிடும் இணைச்சட்ட நூலின் பகுதியை அவ்விறையியலாளர் தம் தொடக்கமாகக் கொண்டனர். தன் தாழ்நிலையை மறைக்காமல் சொல்வதே அங்கு அடையாளத்தின் முதற்படி ஆகிறது.

குமார பருவம்: துன்புறும் கடவுள்

பனியனின் கதையில் சிலுவை ஒரு நிறுத்தம். பயணி அதன் முன் வந்ததும் முதுகுச்சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுகிறது, அவன் வழிதொடர்கிறான். கிருட்டிணபிள்ளைக்கு இச்சுருக்கம் போதவில்லை. குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை இரட்சணிய சரிதமாக விரித்துரைக்கிறார். மூலத்தில் இல்லாத இவ்விரிவே காப்பியத்தின் நெஞ்சம் என்பது நம் கருத்து. சுமை இறங்கியது என்னும் செய்தியோடு நிறைவடையாமல், அச்சுமை யார்மேல் ஏறியது என்று காட்ட விழைகிறார் புலவர்.

இதற்குத் தமிழ்க் கிறித்தவ மரபில் வேரும் உண்டு. தவக்காலத்தில் பாடுகளின் வரலாற்றை உருக்கமாக எடுத்துரைக்கும் வியாகுலப் பிரசங்க மரபு, 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வசு அடிகளின் காலந்தொட்டுத் தமிழில் உள்ளது. கேட்போர் அழுவதற்கென்றே அமைந்த உரை அது. எழுத்தறியாத ஒருவர் மறைநூலின் மையத்தை அடைந்தது இத்தகைய செவிவழி மரபினால்தான். மகனை இழந்த தாயின் புலம்பல் அங்கு ஒப்பாரியின் சாயலைப் பெறுகிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தத் தாய் அயலாள் அல்லள். துன்பத்தை விளக்கும் கடவுளைவிடத் துன்பத்திற்கு உள்ளான கடவுள் அவளுக்கு அண்மையர். கிருட்டிணபிள்ளையின் உயர்நடை அவளை எட்டாமற் போயிருக்கலாம். அவர் எதை விரித்துப் பாடவேண்டும் என்று தேர்ந்தாரோ அதனை அவள் முன்னரே அறிந்திருந்தாள்.

தனிமனிதப் பயணமும் கூட்டுத் துன்பமும்

காப்பியத்தின் பெருங்குறை எனத்தக்கது அதன் தனிமனித நோக்கு. இக்குறை பனியனிடமிருந்து வந்தது. பயணி தன் ஆன்மாவைக் காத்துக்கொள்ள நகரைவிட்டு ஓடுகிறான். அவன் விரும்பிப் புறப்பட்டவன். திரும்பிச் செல்லவும் உரிமையுடையவன். தோட்டத் தொழிலாளியின் பயணமோ வேறு. அவன் கூட்டமாகக் கப்பலேற்றப்பட்டான். 1942 முதல் 1943 வரை நிகழ்ந்த சயாம்–பர்மா இரயில்பாதைக் கட்டுமானத்தின்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கூட்டமாகவே கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்ட ஆசியத் தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர். கூட்டணிப் படையைச் சேர்ந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அவ்வாறு இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அவர்தம் நினைவைத் தாங்கி நிற்கின்றன. கல்லில் இல்லாத பெயரை ஏட்டில் எழுதும் முயற்சி இது எனலாம்.

இத்தகைய துன்பத்தின் முன் தனியொருவனின் மோட்சப் பயணம் போதிய விடையாகுமா? உலகம் ஒரு சத்திரம், நாம் வழிப்போக்கர் என்னும் கருத்தை ஆள்வோர் தமக்கு ஏற்றவாறு பயன்படுத்தக்கூடும். சத்திரத்தின் கூரை ஒழுகினால் என்ன, விடிந்தால் போகப்போகிறவர்தாமே என்று தொழிலாளிக்கு உபதேசிக்கக்கூடும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலியுயர்வை மட்டும் கேட்கவில்லை. கிராணியைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் இழிவை நீக்கவும் கேட்டனர். சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய அப்போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். மானத்தை வேண்டிய அக்கோரிக்கையை விண்ணக நம்பிக்கைக்குப் புறம்பானதென்று தள்ளும் வாசிப்பு மறைநூலைப் பாதியாகக் கிழித்த வாசிப்பாகும்.

இங்கு மறைநூல் காப்பியத்தினும் அகன்று நிற்கிறது. புலம்பல் நூலில் அழுவது ஒரு நகரம். திருப்பாடல்களுள் மிகப்பல முறையீடுகள். அவற்றுள் 88ஆவது பாடல் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் ஏதும் அங்குக் கூறப்படவில்லை. யோபுவின் நண்பர்கள் துன்பத்திற்கு நேர்த்தியான காரணம் கற்பித்தனர்; நூலின் முடிவில் கடிந்துகொள்ளப்படுபவர் அவர்களே. கடவுளோடு வழக்காடிய யோபு உண்மை பேசினார் என்று ஏற்கப்படுகிறார். துன்புறுவோன் வாயை அடைக்காத நூல் என்பதால்தான் இது நம்பிக்கையின் நூலாகிறது. தமிழ் விவிலியம் 'புலம்பல்' எனத் தலைப்பிட்டதும் பொருத்தமே. தொல்காப்பியம் 'புலம்பு' என்னும் உரிச்சொல்லுக்குத் தனிமை எனப் பொருள் கூறும். அழுகையின் அடியில் தனிமை உள்ளது. அத்தனிமையைப் பலர் கூடிச் சொல்லும் வழிபாடாக மாற்றுவதே புலம்பல் நூலின் அரும்பணி.

இரட்சிப்பும் மீட்பும்

சொல் ஒன்றின் மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறியது முதல் தமிழ் விவிலியத்தின் சொற்கள் பலமுறை திருத்தம் பெற்றுள்ளன. சீர்திருத்தச் சபையினரிடையே நிலைபெற்ற மொழிபெயர்ப்பு 'இரட்சிப்பு' என்னும் சொல்லை வழங்கிற்று. காப்பியத்தின் பெயரும் அவ்வழிப்பட்டதே. 1995இல் கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து வெளியிட்ட 'திருவிவிலியம்' 'மீட்பு' என்னும் சொல்லைப் பெருவழக்காக்கிற்று. இரட்சிப்பு காத்தலைக் குறிக்கும். மீட்பு, பிறர் கையில் சிக்கியதைத் திரும்பப் பெறுதலைக் குறிக்கும். அடகுவைத்த நகையை மீட்டும், மீட்கமுடியாது இழந்தும் வாழ்ந்த குடும்பங்களுக்கு இச்சொல்லின் பொருளை விளக்க அகராதி வேண்டா. எபிரேய மரபில் மீட்பர் என்பார் நெருங்கிய உறவினர். இழந்த நிலத்தையும் அடிமைப்பட்ட சுற்றத்தையும் மீட்கும் கடப்பாடுடையவர். அடகில் இருக்கும் பொருள் பிறர் பெட்டியில் கிடப்பினும் உரியவனுடையதே. தோட்டத்துக் கிறித்தவனின் அடையாளத்தை இவ்வுவமையால் விளக்கலாம். அவன் பிறர் கணக்கேட்டில் ஓர் எண்ணாகப் பதியப்பட்டிருப்பினும் அவ்வேட்டுக்கு உரியவன் அல்லன். பெயர்சொல்லி அழைக்கும் உறவினர் ஒருவர் அவனுக்கு உண்டு.

சாம்பலிலிருந்து எழும் துணை

காப்பியத்தின் குறையை மேலே சுட்டினோம். அதற்கு மூலமான கதையிலேயே அக்குறையைத் திருத்தும் வித்தும் உள்ளது. மாயச் சந்தையில் பயணியின் தோழன் நெருப்பிலிட்டுக் கொல்லப்படுகிறான். அம்மரணத்தைக் கண்ட நகரத்தான் ஒருவன் மனம்மாறிப் பயணியோடு சேர்கிறான். அவன் பெயர் நம்பிக்கை. கொல்லப்பட்டவனின் சாம்பலிலிருந்து எழுந்தவன் என்று கதை அவனைக் குறிக்கிறது. ஆதலின் இங்கு நம்பிக்கை என்பது மனத்தின் இயல்பான மகிழ்ச்சியன்று. இறந்த ஒருவனின் சாட்சியத்திலிருந்து பிறந்து, தோள்கொடுக்க வந்த துணை.

பின்னர் இருவரும் ஐயக் கோட்டையில் அடைபடுகின்றனர். அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவர்களை அடித்து, தற்கொலை செய்துகொள்ளுமாறு தூண்டுகிறான். உயிர்விட எண்ணும் பயணியை நம்பிக்கை தடுக்கிறான். முடிவில், வாக்குறுதி என்னும் திறவுகோல் முதலிலிருந்தே தன் மடியில் இருந்ததைப் பயணி நினைவுகூர்கிறான். மறைநூல் இங்குப் புதியதாக எதையும் தரவில்லை, மறந்ததை நினைவூட்டுகிறது. இறுதியில் பாலமில்லாத ஆறு. பயணி மூழ்கத் தொடங்குகிறான். தனக்குத் தரை தட்டுப்படுகிறது என்று சொல்லித் தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்குகிறான். தனிமனிதனின் பயணம் எனத் தொடங்கிய கதை, தனியொருவனால் ஆற்றைக் கடக்கவியலாது என்று முடிகிறது. இம்முடிவினை முதலாகக் கொண்டு காப்பியத்தைப் பின்னோக்கி வாசித்தால் அது கூட்டு வாழ்வுக்குரிய நூலாகவும் விளங்கும்.

முடிவுரை

இரப்பர் இருந்த இடங்களில் செம்பனை எழுந்தது. செம்பனைக் காடுகள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் கலைந்தபோது கோயில்களும் சிற்றாலயங்களும் ஆதரிப்பாரை இழந்தன. தோட்டத்துத் தமிழர் நகர்ப்புறங்களில் சிதறினர். இடத்தோடு பிணைந்திருந்த அடையாளம் இடத்தோடு அழியுமா என்பதே இன்று இம்மக்கள்முன் உள்ள வினா. இரட்சணிய யாத்திரிகம் இதற்கு முழுவிடை தரவில்லை. அது கற்றவர் மொழியில், தனியொருவனை முன்னிறுத்திப் பாடப்பட்டது. எனினும் தமிழ் மரபை உடன்கொண்டே கிறித்தவனாக வாழலாம் என்பதையும், துன்புறும் இறைவனே நம்பிக்கையின் நடுவம் என்பதையும் அது நிலைநாட்டியது. அதில் இடம்பெறாத கூட்டுப் புலம்பலை விவிலியமே நிறைவுசெய்கிறது.

இக்காப்பியத்தை இனி ஆராய்வோர் உவமை நயத்தோடு நின்றுவிடாமல், வியாகுலப் பிரசங்கம், தோட்டத்து ஒப்பாரி, சயாம் பற்றிய நாவல்கள் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து அதனை வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிக்கையில் கிறித்தவ நம்பிக்கையை அளக்கும் அளவுகோல் ஒன்று நமக்குக் கிட்டும். இறந்தோரின் பெயரை மறக்கச் செய்யும் ஆறுதல் நம்பிக்கையாகாது. அவர்தம் பெயரைச் சொல்லி அழவும், அழுதபின் அடுத்தவன் தலையை நீருக்குமேல் தாங்கவும் செய்வதே நம்பிக்கையாகும். படகு மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய ஆற்றங்கரை ஊரொன்று இதனை நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.